தீர்த்தம் பட்ட சாக்லேட்

கொடைக்கானல் மலை
7 ஜனவரி 2025

அன்புள்ள சலேத் அக்காவுக்கு,

இயேசுவின் சமாதானம் உங்கள் வீட்டில் தங்கட்டும். இங்கே குளிரைத் தவிர வேறு குறை இல்லை. மாமா சுகமா? ஆட்டோ ஒழுங்காக ஓடுகிறதா?

திருவருகைக் காலத்தில் நீங்கள் எழுதிய கடிதங்களை மடத்துத் தலைமைத் தாயார் கிறிஸ்துமஸ் அன்றுதான் கையில் கொடுத்தார். எங்கள் மடத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் வரும் தபால் பெட்டிக்குள் போய்விடும். திருநாள் வந்தால்தான் திறப்பார்கள். நாங்களும் எழுதுவதில்லை. "மூச்சு முட்டிச் சாகப்போகிறேன்" என்று ஒரு கடிதத்தை ஆரம்பித்திருந்தீர்கள். பயந்து, மேலே படிக்காமல் கோயிலுக்குப் போய் முழங்காலில் நின்றேன். பிறகு வந்து படித்தால், பூந்தமல்லியில் மெட்ரோ வேலைத் தூசியாம். என்னை இப்படிச் செய்யலாமா?

ஒரு உதவி வேண்டும். இந்த ஈஸ்டருக்குப் பங்குப் பிள்ளைகளுக்கு நாங்களே சாக்லேட் முட்டை செய்து தரலாம் என்று தாயார் சொல்கிறார். சமையல்கட்டில் நான்தான் இருக்கிறேன். சாக்லேட் எப்படிச் செய்வது என்று தொடக்கத்திலிருந்து எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
சகோதரி மரிய சூசை

*

குமணன்சாவடி
மாட்டுப் பொங்கல்

செத்துப்போன அப்பா பேரை எடுத்து வைத்துக்கொண்டிருக்கும் என் பிலோவுக்கு,

அக்கா எழுதுவது. நான் குத்துக்கல்லாக இருக்கிறேன். உன் மாமா இருதயராஜ் தொப்பையோடு இருக்கிறார். நீ விறைத்துப் போகாமல் இருக்கிறாயா? உன்னை சூசை என்று கூப்பிட எனக்கு வாய் வராது. சுவரில் மாட்டியிருக்கும் அப்பா திரும்பிப் பார்ப்பார். அப்புறம் அது என்னடி 'நீங்கள்'? உன்னைத் தூக்கி வளர்த்து மூக்குத் துடைத்துவிட்டவள் நான். மடத்துக்குப் போனதும் எனக்கு மரியாதை கொடுத்துத் தள்ளி வைக்கிறாய்.

சாக்லேட் கதையைக் கேள். அம்பத்தூர் எஸ்டேட்டில் சாக்லேட் கம்பெனியில் கூட்டிப் பெருக்கப் போய், ருசி பார்க்கும் வேலை வரைக்கும் வந்தவள் சொல்கிறேன். கொக்கோக் காயை உடைத்தால் உள்ளே வெள்ளைச் சதைக்குள் கொட்டை இருக்கும். அதை வாழை இலை போட்டு மூடி ஒரு வாரம் புளிக்க விடுவார்கள். அப்புறம் வெயிலில் காயப்போடுவார்கள். அப்புறம் வறுத்து, தோலை ஊதித் தள்ளி, கல் கிரைண்டரில் போட்டு அரைப்பார்கள். நம்ம இட்லி மாவு அரைக்கிற கிரைண்டருக்கு அண்ணன்தான் அது. நாள் கணக்கில் ஓடும். கொட்டையில் இருக்கிற எண்ணெய் இளகி, குழம்பாகி, சர்க்கரையும் சேர்ந்து, நாக்கில் மணல் தட்டாத வரைக்கும் நிறுத்தக் கூடாது.

நீ அத்தனை பாடுபட வேண்டாம். பாளம் பாளமாகக் கடையில் கிடைக்கும். துண்டாக நறுக்கு. கீழே ஒரு சட்டியில் தண்ணீரைச் சுடவை, மேலே காய்ந்த கிண்ணத்தில் சாக்லேட்டைப் போட்டு அந்தச் சூட்டிலேயே உருக்கு. முட்டை அச்சைப் பஞ்சால் துடைத்து ஊற்று. அது இறுக எங்களுக்கு ஃபிரிட்ஜ் வேண்டும். உனக்கு ஜன்னல் ஓரமே போதும். பிள்ளைகளுக்கு என்றால் உருக்கியதில் அரிசிப் பொரியும் வறுத்த பொட்டுக்கடலையும் போட்டுக் கிளறி, வெண்ணெய்த் தாளில் கரண்டி கரண்டியாக வைத்துவிடு. திருவேற்காட்டு பிளாட்டுப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லிக்கொடுப்பது இதுதான். கையில் பாதி, வாயில் பாதி.

ஒன்றே ஒன்று. தண்ணீர் படக் கூடாது. ஒரு சொட்டு போதும், மொத்தமும் திரிந்துவிடும்.

போன வாரம் சூடாக ருசி பார்த்து நாக்கு ஓரத்தில் புண். ஆண்டவர் என் வாயை மூடப் பார்க்கிறார். நடக்குமா?

அக்கா சலேத்து

*

கொடைக்கானல் மலை
26 ஜனவரி

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் நாக்குப் புண் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். நாங்கள் நலம், ஆனால் வெட்கத்தில் இருக்கிறோம்.

நீங்கள் சொன்னபடியே உருக்கினேன். கண்ணாடி மாதிரி வந்தது. சகோதரிகள் எல்லோரும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். முதல் சட்டி அல்லவா, ஆசீர்வதிக்கலாம் என்று தாயார் தீர்த்தத்தைக் கொண்டுவந்து தெளித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் தெளித்துவிட்டார். உங்கள் கடிதத்தில் தண்ணீர் படக் கூடாது என்றுதான் இருந்தது. தீர்த்தத்தைத் தண்ணீர் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கிளறக் கிளறக் களிமண்ணாகிவிட்டது. மேலும் கொஞ்சம் தெளித்துப் பார்க்கலாமா என்று ஒரு மூத்த சகோதரி கேட்டார்.

இதற்கு வழி உண்டா? உங்கள் கடிதத்தை இரவு உணவுக்குப் பின் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அதற்குத் தாயார் அனுமதி கொடுத்திருக்கிறார். இந்த மடத்தில் இவ்வளவு சிரிப்பு கேட்டதில்லை என்றார்.

உங்கள் தங்கை,
சகோதரி மரிய சூசை

*

குமணன்சாவடி
3 பிப்ரவரி

சட்டிக்கு ஞானஸ்நானம் கொடுத்த தங்கச்சிக்கு,

சிரித்துச் சிரித்து விலா வலி. மற்றபடி சுகம். அங்கே எல்லோருக்கும் என் தோத்திரம் சொல்லு, மதருக்கு மட்டும் இரண்டு தடவை சொல்லு.

தீர்த்தமும் தண்ணீர்தான்டி. மந்திரித்தது சாக்லேட்டுக்குத் தெரியாது. நம்ம தெரு சபீனாவிடம் சொன்னேன், அவள் முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். "இன்னாக்கா, நல்லது பண்ணப் போயி இப்டி ஆயிடுச்சே" என்கிறாள். அவள் மகள் மர்வாதான் என் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் வாயாடி. எல்லாப் பிள்ளைகளும் சூப்பர் ஆண்ட்டி என்னும். அவள் மட்டும், கசக்குது ஆண்ட்டி, என்பாள்.

திரிந்தது திரும்பாது. அச்சில் ஊற்ற ஆகாது. ஆனால் எறியாதே. சூடான பாலை நிறைய ஊற்றி அடித்துக் கலக்கு. கொஞ்சம் ஈரம்தான் அதற்கு ஆகாது. நிறைய ஊற்றினால் இளகிவிடும். டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள், குளிருக்கு நல்லது.

அடுப்பே வேண்டாம் என்றால் இன்னொன்று இருக்கிறது. மேரி பிஸ்கட்டைப் பொடித்து, கொக்கோத் தூள் போட்டு, மில்க்மெய்டு ஊற்றிப் பிசைந்து உருட்டி, தேங்காய்த் துருவலில் புரட்டி எடு. அதில் உங்கள் மதர் என்ன தெளித்தாலும் ஒன்றும் ஆகாது.

புண் ஆறவில்லை. பூந்தமல்லி டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே நாக்கில் அரிசி அளவு கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். உன் மாமா நர்சிடம், "முழுசா எடுத்துக்கினு போங்க சிஸ்டர், ஊடு அமைதியா இருக்கும்" என்றார். நர்சு சிரிக்கவில்லை.

அக்கா

*

கொடைக்கானல் மலை
16 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

சமாதானம். பால் ஊற்றிக் குடித்தோம். தாயார் இரண்டாவது டம்ளர் கேட்டார். உங்கள் நாக்கைக் கிள்ளிய நர்சுக்காக எல்லோரும் ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொன்னோம்.

முட்டை வந்துவிட்டது. தாயார் இப்போது சமையல்கட்டு வாசலிலேயே நிற்கிறார், உள்ளே வருவதில்லை. ஆனால் அச்சிலிருந்து எடுத்தால் ஓட்டில் எல்லாம் பொத்தல். அம்மை விழுந்த முகம் மாதிரி இருக்கிறது. நான் எதை விட்டுவிட்டேன்?

சாம்பல் புதன் மார்ச் ஐந்தாம் தேதி, அன்று நோன்பு தொடங்கும். அதற்குள் பதில் வந்தால்தான் என் கைக்குக் கிடைக்கும்.

சகோதரி மரிய சூசை

*

குமணன்சாவடி
22 பிப்ரவரி

அம்மை போட்ட முட்டைக்காரிக்கு,

நலம். நீயும் அப்படியே என்று நினைக்கிறேன்.

நீ விட்டது தட்டுவது. ஊற்றியதும் அச்சை மேசைமேல் தட்ட வேண்டும். டொக், டொக், டொக். உள்ளே மாட்டிக்கொண்ட காற்றெல்லாம் குமிழ் குமிழாக மேலே வந்து உடையும். கம்பெனியில் நான் தட்டினால் மேஸ்திரி, "சலேத்தக்கா ரேடியோ ஆரம்பிச்சிடுச்சு" என்பார். வாய் ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம். ரொம்பத் தட்டாதே, ஓடு மெலிந்துவிடும்.

அப்புறம் ஊர்ச் செய்தி. டாக்டர் என் நாக்கில் பாதியை வெட்டப் போகிறாராம். மார்ச் கடைசியில். இந்தத் தெருவே கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கும் போல. உன் மாமா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தார், நன்றிக்கா வேண்டுதலுக்கா என்று சொல்ல மாட்டேன் என்கிறார். ஆகவே என் குரல் விலை ஏறுகிறது. உங்கள் மதரிடம் கேட்டு, நோன்புக்கு முன்னால் ஒரு போன் போடு. வந்தவரைக்கும் கேட்டுக்கொள். அப்புறம் கடை சாத்திவிடுவார்கள். கடைசித் தள்ளுபடி, விட்டால் கிடைக்காது.

போடுவாயா?

அக்கா

*

கொடைக்கானல் மலை
2 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

நோன்புக்கு முன் இதுவே என் கடைசிக் கடிதம். எல்லோரும் நலம். மாமாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

தட்டினேன். ஓடு வழவழவென்று வந்துவிட்டது. ஒவ்வொரு தட்டுக்கும் உங்கள் பேச்சு காதில் விழுந்தது.

உங்கள் கடிதத்தை எல்லோருக்கும் படித்தேன். மனு என்ற இடத்தில் ஒருவருக்குப் புரையேறிவிட்டது. பாதி போதுமா, கேட்டுச் சொல் என்றார் தாயார். அந்த மீதிப் பாதியும் கொஞ்சம் அடங்க வேண்டும் என்று இந்த நோன்பு முழுதும் வேண்டிக்கொள்கிறோம். மெட்ரோ தூசியில் ஒரு முறை முழங்கால் தேய்ந்தது போதும், இந்த முறை நான் ஏமாற மாட்டேன். போன் எங்களுக்கு ஆண்டுக்கு ஒன்றுதான். அதை ஈஸ்டர் மறுநாளுக்கு வைத்திருக்கிறேன். அதுவரை குரலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஈஸ்டர் வரை மௌனத்தில் உங்களோடு,
சகோதரி மரிய சூசை

*

குமணன்சாவடி
10 மார்ச்

பிலோ,

உன் கடிதம் நோன்பு தொடங்கியதற்கு மறுநாள் வந்தது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். உன் மாமா படித்துக் காட்டும்போது நானும் சிரித்தேன். சிரித்தால் வலிக்கிறது.

இது பெட்டிக்குள்தான் கிடக்கும். தெரிந்துதான் எழுதுகிறேன். கேலி இல்லாமல் எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன், பேனா நகரவில்லை. டாக்டர் சொன்னது நிஜம்டி. புற்று. கூர்ப்பல் உரசி உரசி வந்திருக்கலாம் என்கிறார்கள். பாதி நாக்கு போகும். பேச்சு எவ்வளவு திரும்பும் என்று யாரும் சொல்லவில்லை. நான் சொன்ன விதத்தில் உனக்கு எப்படித் தெரியும்? உன்மேல் தப்பில்லை.

உன் மாமாவை உங்கள் மடத்துக்குப் போன் போடச் சொன்னேன். வெளிவேலை பார்க்கும் சிஸ்டர் எடுத்தார்களாம். நோன்புக் காலம், அவசரம் என்றால் சொல்லுங்கள், உடனே மதரிடம் போகிறேன் என்றார்களாம். இவர், "அதெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர், சும்மா விசாரிக்கத்தான்" என்று வைத்துவிட்டார். ஏன்யா என்றேன். "அந்தம்மா அவ்ளோ அன்பா கேட்டாங்க. எனுக்கு வாய் வர்ல சலேத்து" என்று ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று சவாரி ஏற்றவில்லை என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் நானே போட்டேன். ஹலோ என்றதும் அந்த சிஸ்டர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "தீர்த்தம் அக்காதானே?" என்கிறார்கள். உன் கடிதக் கச்சேரி கேட்டுக் கேட்டு என்னை அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அவர்கள் அப்படிச் சிரித்ததும் நானும் என் பாட்டைப் பாட ஆரம்பித்துவிட்டேன். முட்டை பொரித்துக் குஞ்சு வந்ததா என்று கேட்டேன். போனை வைத்த பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் தடுக்கவில்லை பிலோ. என் வாய்தான்.

அக்கா

*

ஆஸ்பத்திரி
25 மார்ச், மங்கள வார்த்தைத் திருநாள்

பிலோ,

சாப்பிட்டாயா? நோன்பு, ஒருவேளைதான் இருக்கும் உனக்கு. எனக்கும் இனிமேல் ஒன்றும் தர மாட்டார்கள். நாளைக் காலையில் உள்ளே கூட்டிப் போகிறார்கள்.

சபீனா வந்தாள். என் பேச்சைச் செல்போனில் பதிந்து வைத்துக்கொள்ளலாம், ஒரு நாள் உனக்குப் போட்டுக் காட்டலாம் என்றாள். நல்ல யோசனைதான். செல்லைப் பிடித்துக்கொண்டு, "பேசுக்கா" என்கிறாள். ஒரு வார்த்தை வரவில்லை. எதிரில் வம்பிழுக்க ஆள் இல்லாமல் எனக்கு எப்போது பேச வந்தது? கடைசியில் அவளே அழுதுவிட்டு செல்லை அணைத்துவிட்டாள்.

மத்தியானம் ஒரு துண்டு சாக்லேட் தின்றேன். கருப்புச் சாக்லேட், சர்க்கரை கம்மி. நாக்கில் வைத்து அசைக்காமல் இருந்தேன். முதலில் கசப்பு, அப்புறம் அந்தப் புளித்த கொட்டையின் வாசனை, அப்புறம் கொஞ்சம் இனிப்பு. எல்லாம் வரிசையாக வந்து போனது. இன்னொரு துண்டு கேட்டேன். நர்சு கொடுக்கவில்லை.

நீ போன் போடாததில் எனக்குக் கோபம் என்று நினைக்காதே. கொஞ்சம் இருக்கிறது. போய்விடும்.

எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா

*

கொடைக்கானல் மலை
20 ஏப்ரல், உயிர்ப்பு ஞாயிறு

அக்கா,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு எழுதித்தான் பழக்கம். இன்று அதை எழுதக் கை கூசுகிறது.

காலை உணவின்போது தாயார் பெட்டியைத் திறந்து கடிதங்களைக் கொடுத்தார். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் எல்லோரும் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். நானும் வழக்கம்போல் எழுந்து நின்று சத்தமாகப் படித்தேன். 'டாக்டர் சொன்னது நிஜம்டி' வரை சிரித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த சொல்லை நான் சத்தமாகச் சொன்ன பிறகுதான் அது என்ன சொல் என்று எனக்குத் தெரிந்தது. சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. அதற்குப் பிறகும் ஒரு வரி படித்தேன், நிறுத்தத் தெரியாமல்.

தாயார் முகத்தை மூடிக்கொண்டார். போனை எடுத்த சகோதரி மேசையைவிட்டு எழுந்து போய்விட்டார். கோயிலில் உயிர்ப்புப் பாடல் பாடினார்கள். என் முறைக்கு நானும் பாடினேன். வெளியே பிள்ளைகள் முட்டையை உடைத்துத் தின்னும் சத்தம் கேட்டது. நன்றாக வந்திருந்தன, அக்கா. ஒரு பொத்தல் இல்லை.

அறுவை சிகிச்சை முடிந்து இத்தனை நாள் ஆகிவிட்டது. நான் இங்கே உங்கள் நாக்கு அடங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். தினமும்.

நாளை போன் போடச் சொல்லியிருக்கிறார் தாயார். இந்தக் கடிதம் அதற்குப் பிறகுதான் உங்களை வந்து சேரும். யார் எடுப்பார்கள் என்று தெரியவில்லை.

பிலோ

*

குமணன்சாவடி
28 ஏப்ரல்

என் பிலோவுக்கு,

அக்கா எழுதுவது. வீட்டுக்கு வந்துவிட்டேன். கஞ்சி, ரசம், கழுத்தில் குழாய் எடுத்த இடத்தில் ஒரு கட்டு. அடுத்த மாதம் கதிர் சிகிச்சையாம், கரண்டு வைக்க ஆரம்பிக்கிறார்கள், அதற்கப்புறம்தான் மீதி தெரியுமாம். உன் மாமா இப்போது வீட்டில் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறார், அமைதி தாங்கவில்லை போலிருக்கிறது. நீ சாப்பிடுகிறாயா? மதர் எப்படி இருக்கிறார்கள்? பாதி போதுமா என்றதற்கு அவர்களைத் திட்டாதே. நானே சிரித்த கேலி அது.

நீ போன் போட்ட நேரத்தில் உன் மாமா மருந்துக் கடைக்குப் போயிருந்தார். மணி அடித்தது. எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் என் நிலைமை எனக்கே ஞாபகம் வந்தது.

"அக்கா? சலேத்தக்கா? யார் பேசுறது?" என்றாய். வாயைத் திறந்தேன். வந்தது பேச்சு இல்லை, எச்சிலும் ஒரு கன்றுக்குட்டிச் சத்தமும்தான். அதைக் கேட்டால் நீ பயப்படுவாய் என்று வாயைப் பொத்திக்கொண்டேன். "லைன்ல யாரும் இல்லையா?" என்றாய். பக்கத்தில் யாரோ, வைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்க்கலாம் என்றார்கள். உனக்கு ஆண்டுக்கு ஒரு போன்தானே பிலோ. வைத்துவிடாதே என்று சொல்ல ஒரு வழி இல்லை. தெருவில் சபீனா இருக்கிறாளா என்று பார்த்தேன். இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு அச்சு மேசைமேல் கிடந்தது. எடுத்துத் தட்டினேன்.

நீ மூச்சு விடுவது கேட்டது. மறுபடி தட்டினேன். நிறுத்தவே இல்லை, கை வலிக்கும் வரைக்கும். அப்புறம்தான் நீ பேசினாய். "இன்னாக்கா இது. போதும் வுடு. ஓடு மெலிஞ்சிடப் போவுது" என்றாய். சகோதரி மரிய சூசை அப்படிப் பேச மாட்டார்கள். பாவாடையில் மூக்குத் துடைத்துக்கொண்டு இந்தத் தெருவில் ஓடியவள் பேசினாள். 'நீங்கள்' இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

அதற்கு நான் ஒரு பதில் வைத்திருந்தேன். நல்ல பதில். இத்தனை நாள் உன்னைக் கேலி செய்ததிலேயே அதுதான் உச்சம். வாய் வரைக்கும் வந்து நின்றது. இங்கே எழுதலாம் என்று பார்க்கிறேன், எழுத்தில் அது சிரிப்பு வரவில்லை. போகட்டும்.

ருசி போய்விட்டது. நேற்று பிள்ளைகளுக்குப் பொரிச் சாக்லேட் செய்து கொடுத்தேன். எப்படி என்று கையால் கேட்டேன். எல்லாம் சூப்பர் என்றன. மர்வா முகத்தைப் பார்த்தேன். அவளும் சூப்பர் ஆண்ட்டி என்றாள். இனி எனக்கு யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள் போலிருக்கிறது.

 போனில் கடைசியில் நீ அழுதது எனக்குக் கேட்டது. அடுப்பில் சட்டி ஏதாவது வைத்திருந்தாயா? வைத்திருந்தால் தள்ளி நின்று அழு. ஒரு சொட்டு போதும், திரிந்துவிடும்.

அக்கா